பெயருக்கு முன்னால் மூன்று நட்சத்திரம்

பூட்டக்காவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது அவளுடைய சொந்தத் தம்பி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவாள். அங்கே நின்று யோசிப்பாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். சில நாட்களில் பஸ் ஏறிய பிறகும் இறங்கி வந்ததுண்டு. ஒருநாள் அவள் வேலை செய்யும் இடத்துக்குச் சாவி கொடுக்க வந்த தம்பி, வரவேற்பு மேசையில் வாய் தவறி, "பூட்டக்கா இருக்காங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான். நர்சுகள், டெக்னீஷியன்கள், நோயாளிகள் என்று எல்லோருக்கும் அவள் பூட்டக்கா ஆகிவிட்டாள். மேனேஜர் மட்டும் "மேடம்" என்பார். அதுவும் கோபத்தில் இருக்கும்போது மட்டும்.

வேலை செய்யும் இடம் ஒரு டயாலிசிஸ் நிலையம். கீழே மருந்துக் கடை, மேலே இரண்டு நீளமான அறைகள். அறைக்கு ஒரு வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அந்த இயந்திரம் செய்து கொடுக்கும். காலையில் ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட். வாரத்துக்கு மூன்று நாள் வந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டுப் போகிறவர்கள்தான் நோயாளிகள். வருஷக்கணக்காக வருகிறவர்கள். அதனால் அந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் அமைதி கிடையாது. ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அதற்கு மறுப்புச் சொல்வார்.

பூட்டக்கா முதலில் வரவேற்பு மேசையில் டைப் அடிக்கத்தான் வந்தாள். யார் எந்த ஷிஃப்ட், எந்த நாற்காலி, என்ன எடை, என்ன மருந்து என்பதையெல்லாம் வைத்திருந்த கம்ப்யூட்டர் சிஸ்டத்தை எழுதிக் கொடுத்தவர் ஒருநாள் வேறு தேசத்துக்குக் குடிபோய்விட்டார். அது நின்றால் தட்டி எழுப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. பூட்டக்கா தட்டித் தட்டியே அதைக் கற்றுக்கொண்டாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரிக்குள் அந்தப் பழைய இயந்திரம் இரைந்துகொண்டே கிடக்கும். அந்த இரைச்சலில் சின்ன மாற்றம் கேட்டாலும் பூட்டக்கா எழுந்து ஓடுவாள்.

அதைத் தூக்கிவிட்டுப் புது சிஸ்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று மேனேஜர் சொன்ன நாளில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. "திட்டம் போடுற பொறுப்பு உங்களோடது" என்று அவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னதும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவளுடைய அறைச் சுவர் முழுக்கக் கலர் கலராகச் சீட்டுகள் ஏறின. எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில், நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது, பாதி வழியில் நின்றுவிட்டால் பழையதற்கு எப்படித் திரும்புவது. காலையில் ஒட்டியதை மதியம் பிய்ப்பாள், பிய்த்ததைச் சாயங்காலம் தேடுவாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, பாலு!" என்று கத்தினாள் மகள்.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள் பூட்டக்கா. உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு நடுவில் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதர். ஆனால் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைவிட்டு அசையாத அளவுக்கு நிதானம். "நீ கவலைப்பட்டா அது நல்லா நடக்கும், கவலைப்படலைன்னா நடக்காதுன்னு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள் அவள்.

புது சிஸ்டத்தின் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அவளுடைய அறையிலேயே உட்கார்ந்துகொண்டார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேசை முழுக்கத் தேடுவார். எதைக் கேட்டாலும், "பார்த்துக்கலாம் மேடம்" என்பார். பழைய தேதியெல்லாம் சரியா வருமா? பார்த்துக்கலாம். ஒரே பேருல ரெண்டு பேர் இருக்காங்களே? பார்த்துக்கலாம். நர்சுகள் இரண்டே நாளில் அவருக்குப் 'பார்த்துக்கலாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "பூட்டக்காவையும் பார்த்துக்கலாமையும் ஒரே ரூம்ல அடைச்சிருக்காங்க, யாரு முதல்ல வெளியில ஓடி வராங்கன்னு பார்ப்போம்" என்று சீனியர் சிஸ்டர் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் மனிதர் வேலையில் கெட்டி. பழைய சிஸ்டத்திலிருந்து எல்லாவற்றையும் உருவி, புதியதில் கொட்டிப் பார்க்கிற ஒத்திகையைச் சொன்ன நாளில் செய்துகாட்டினார். முதல் ஒத்திகையில் எல்லா நோயாளிகளும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். அதைத் திருத்தினார். இரண்டாவது ஒத்திகையில் தேதிகள் ஒழுங்காக வந்தன. எடை, முகவரி, ஷிஃப்ட் எல்லாம் வந்தன. பூட்டக்கா பழைய சிஸ்டம் அச்சடித்த, காலை ஷிஃப்ட் பட்டியலான காலைத் தாளையும் புது சிஸ்டம் அச்சடித்த காலைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததே அவளுக்குச் சரியாகப் படவில்லை. மறுபடி பார்த்தாள்.

"இந்த நட்சத்திரமெல்லாம் எங்க போச்சு?"

"எந்த நட்சத்திரம் மேடம்?"

பழைய தாளில் சில பெயர்களுக்கு முன்னால் மூன்று நட்சத்திரக் குறிகள் இருந்தன. புதுத் தாளில் ஒன்றுகூட இல்லை.

"ஓ, அதா? பேருக்குள்ள அந்த மாதிரிக் குறியெல்லாம் இருந்தா புது சிஸ்டம் ஏத்துக்காது. குப்பைன்னு தட்டிவிட்டுட்டோம். சுத்தமா இருக்கு பாருங்க."

டயாலிசிஸ் செய்யும்போது குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து செலுத்துவார்கள். ஹெப்பரின் என்று பெயர். அது சிலருக்கு ஆகாது. கொடுத்தால் இரத்தம் நிற்காது. பழைய சிஸ்டத்தில் அதைக் குறிக்க இடமே கிடையாது. அதனால் அப்படிப்பட்டவர்களின் பெயருக்கு முன்னால் மூன்று நட்சத்திரம் தட்டி வைப்பது வழக்கம். காலைத் தாளைக் கையில் வாங்கும் நர்ஸ் அதைப் பார்த்துக்கொள்வாள்.

"அது குப்பை இல்லீங்க. மருந்து ஆகாதவங்க" என்றாள்.

பார்த்துக்கலாம் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். முதல்முறையாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "அப்ப நட்சத்திரம் இருக்கிற எல்லாரையும் புதுசுல 'ஹெப்பரின் கூடாது'ன்னு போட்டுடலாமா?"

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பூட்டக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மதிய ஷிஃப்ட் சிஸ்டரிடம் போனாள்.

"மூணு நட்சத்திரமா? கையில ஆபரேஷன் பண்ணியிருக்காங்கல்ல, அந்தக் கையில பிரஷர் பார்க்கக் கூடாதுன்னு நாங்க போடுறது அக்கா."

பூட்டக்கா வரவேற்பு மேசைக்கு ஓடினாள். அங்கே உட்காரும் பெண் அவளைவிடப் பழைய ஆள் இல்லை, ஆனால் வாயாடி.

"அதுவா? காது கேட்காதவங்கக்கா. சத்தமா கூப்பிடணும்னு அடையாளத்துக்கு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போட ஆரம்பிச்சேன். ஏற்கனவே சில பேருக்கு இருந்துச்சு. அவங்களுக்கும் காது மந்தம்னு நினைச்சுக்கிட்டேன். நான் கத்திக் கூப்பிடுவேன், அவங்க 'ஏம்மா கத்துற?'ம்பாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். பூட்டக்காவுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் உறைந்தும் போனது. ஆளாளுக்கு ஒரே குறியை ஆளாளுக்கு ஒரு காரணத்துக்காகத் தட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் போனது நர்சுகளுக்கு முகம் தெரிந்ததால்தான். புது சிஸ்டத்துக்கு முகம் தெரியாது. மருந்து ஆகாதவருக்கு மருந்து போய்விடலாம். காது கேட்காத பாவத்துக்கு இன்னொருவருக்கு வேண்டிய மருந்து நின்றுபோகலாம்.

மேனேஜர் அறைக்குப் போய், மாற்றும் நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்றாள்.

"மேடம்" என்று ஆரம்பித்தார் அவர். அதிலேயே கோபம் தெரிந்தது. "அந்தப் பழைய மிஷின் என்னைக்கு மூச்சை விடும்னு தெரியாது. நீங்களே சொன்னதுதான். கம்பெனி ஆளு இங்க குடியிருக்க முடியாது. டாக்டருங்ககிட்ட, நோயாளிங்ககிட்ட எல்லாம் தேதி சொல்லியாச்சு. நட்சத்திரத்துக்காக நிறுத்தணுமா?"

பூட்டக்கா வாதம் பண்ணத் தெரியாதவள். கையிலிருந்த காலைத் தாளை அவர் மேசைமேல் வைத்தாள். "இதுல யாருக்குக் காது கேட்காது, யாருக்கு மருந்து குடுத்தா ரத்தம் நிக்காதுன்னு நீங்க சொல்லுங்க சார். என்னால முடியல. சிஸ்டர் ஒண்ணு சொல்றாங்க, வரவேற்புப் பொண்ணு ஒண்ணு சொல்லுது, எல்லாம் வேற வேறயா இருக்கு."

மேனேஜர் தாளைப் பார்த்தார். அவருடைய மாமனாரும் அங்கேதான் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவர் பெயருக்கு முன்னாலும் மூன்று நட்சத்திரம் இருந்தது.

"அவருக்கு எதுக்குப் போட்டிருக்கு?"

"அதைத்தான் கேட்கிறேன்."

"ரெண்டு வாரம்" என்றார் மேனேஜர். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அந்த இரண்டு வாரமும் பூட்டக்கா நாற்காலி நாற்காலியாகப் போய் உட்கார்ந்தாள். மருத்துவரின் குறிப்பைப் பார்ப்பாள், நர்சைக் கேட்பாள், கடைசியாக நோயாளியையே கேட்பாள். மூன்றும் ஒத்துப்போனால்தான் புது சிஸ்டத்தில் ஏற்றுவாள். ஒத்துப்போகாவிட்டால் டாக்டரைத் துரத்திக்கொண்டு படியிறங்குவாள். டாக்டர் அவளைக் கண்டாலே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. அவள் கண்ணாடியைத் தட்டுவாள்.

ஜன்னலோரத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி படுத்திருப்பாள். அவளுக்கும் மூன்று நட்சத்திரம். மருந்து ஒத்துக்கொள்கிறது, கையில் பிரச்சினை இல்லை, காது பாம்புக் காது.

"எனக்கு எதுக்குப் போட்டிருப்பாங்க?" என்று டீச்சரே யோசித்தாள். "நான் சண்டை போடுவேன்னு போட்டிருப்பாங்க."

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது டீச்சர்."

அப்படித்தான் இருந்தது. வரவேற்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டாள். "வர்றப்பவே நாற்காலி மாத்திக் குடு, ஃபேனை நிறுத்துன்னு ஆரம்பிச்சிடுவாங்கக்கா. முன்னாடியே தெரிஞ்சா கொஞ்சம் பணிஞ்சு பேசலாமேன்னு..."

மேனேஜரின் மாமனாருக்கும் அதே காரணம்தான் என்று தெரிந்தது. அதை மேனேஜரிடம் சொல்ல வேண்டுமா என்று பூட்டக்கா ஒரு பகல் முழுக்கத் தவித்தாள். கடைசியில், "அவருக்கு மருந்து பிரச்சினை இல்ல சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சிரிப்புக்கு நடுவில் ஒன்றும் நடந்தது. நட்சத்திரமே இல்லாத ஒரு தச்சர், தனக்கு அந்த மருந்து ஆகாது என்றார். முன்னால் ஒரு தடவை வேறு ஆஸ்பத்திரியில் கொடுத்து, மூக்கில் இரத்தம் கொட்டியதாம். "சிஸ்டருக்குத் தெரியும், அவங்களே பார்த்துப்பாங்க" என்றார் சாதாரணமாக. அந்த சிஸ்டர் அடுத்த மாதம் பிரசவத்துக்காக லீவில் போகிறவள். பூட்டக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு நட்சத்திரம் இருப்பவர்களை மட்டும் கேட்பதை விட்டாள். எல்லோரையும் கேட்டாள்.

மாற்றும் நாள் ஞாயிற்றுக்கிழமை. நிலையத்துக்கு விடுமுறை. நாற்காலிகளெல்லாம் காலி. இயந்திரங்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. பார்த்துக்கலாம் ஒரு மேசையில், பூட்டக்கா இன்னொரு மேசையில். மேனேஜர் பிஸ்கட் பொட்டலங்களோடு நடுவில் அலைந்தார். திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டுகொண்டே போனது. பூட்டக்காவால் உட்கார முடியவில்லை. அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். ஒவ்வொரு நாற்காலியையும் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

"உட்காருங்க மேடம், எனக்குத் தலை சுத்துது" என்றார் பார்த்துக்கலாம்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பெயர்கள் வந்தன. மருந்து ஆகாதவர்களின் பெயரெதிரே சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது. பூட்டக்கா ஒவ்வொருவராக ஒத்துப் பார்த்தாள். தச்சர் பெயரெதிரே சிவப்புப் பட்டை. டீச்சர் பெயரெதிரே ஒன்றுமில்லை. ஒரு தப்புகூட இல்லை. மாடிப்படிக்கு அடியில் போய்ப் பழைய இயந்திரத்தை நிறுத்தினாள். இரைச்சல் நின்றது. மேனேஜர் கைதட்டினார். பார்த்துக்கலாம் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். "பார்த்தீங்களா மேடம்" என்றார்.

பூட்டக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது வரவேற்பு மேசையின் போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தாள். ஒரு பெண் குரல். "எங்க அம்மாவுக்கு நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு டயாலிசிஸ்னு மெசேஜ் வந்திருக்கு."

"சாயங்கால ஷிஃப்ட் இங்க கிடையாதுங்களே. அம்மா பேரு?"

அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். பூட்டக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"எங்க அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு" என்றது குரல். "கால் மணி நேரம் முன்னாடியே வந்துடணுமாம். வரச் சொல்லட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேனேஜரின் செல்போன் அடித்தது. அதை அவர் எடுப்பதற்குள் மேசைப் போன் மறுபடி அடித்தது.

நடந்தது இதுதான். நோயாளி யாராவது இறந்துபோனால், பழைய சிஸ்டத்தில் அவர்களை எடுக்க வழியில்லை. எடுக்கவும் கூடாது, பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலைத் தாளில் அவர்கள் பெயர் வந்துகொண்டிருந்தால் நர்சுகளுக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதனால் இல்லாத ஒரு மூன்றாவது ஷிஃப்டுக்கு அவர்களை மாற்றிவிடுவார்கள். காலைத் தாளும் மதியத் தாளும் மட்டும்தான் அச்சாகும், மூன்றாவது ஷிஃப்டின் தாளை யாரும் கேட்பதில்லை. இந்த யோசனையை வருஷங்களுக்கு முன்னால் சொன்னவள் பூட்டக்காவேதான். புது சிஸ்டத்தில் மூன்றாவது ஷிஃப்ட் என்பது சாயங்காலம் நான்கு மணி. முந்தின நாளே நோயாளிக்கு மெசேஜ் அனுப்பும் வசதியும் அதில் உண்டு. ஒத்திகையின்போது நோயாளிகளைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்குத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமைகளில் வந்துகொண்டிருந்து இறந்துபோனவர்கள் எல்லோருக்கும் அழைப்புப் போய்விட்டது.

பார்த்துக்கலாம் மேசைமேல் பாய்ந்து மெசேஜை நிறுத்தினார். போனவை போனவைதான்.

"சிஸ்டம் கோளாறு, மன்னிக்கவும்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு மெசேஜ் அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். முகம் வெளிறியிருந்தது.

"இன்னொரு மெசேஜா?" என்றாள் பூட்டக்கா.

"பின்ன என்ன பண்றது?"

"நான் பேசறேன்."

"எத்தனை பேருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் காலையிலிருந்து நிற்காமல் நடந்துகொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து மேனேஜர் மேசைப் போனை அவள் பக்கம் தள்ளினார்.

ஒருவர் திட்டினார். ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். ஒருவர், "அப்பாவுக்கு இன்னும் உங்க இடத்துல கிராக்கி இருக்கு போல" என்று சிரித்துவிட்டு, சிரித்த குரலிலேயே அழ ஆரம்பித்தார். பூட்டக்கா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: தப்பு எங்களுடையது, நான்தான் அந்தத் திட்டத்தைப் போட்டவள், இனிமேல் வராது. சிஸ்டம் என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. பார்த்துக்கலாம் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்தடுத்த எண்ணைப் போட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிப் போனது. ஒரே ஒரு எண்ணில் மட்டும் யாரும் எடுக்கவே இல்லை. திரும்பத் திரும்ப மணி அடித்து ஓய்ந்தது.

வீட்டுக்குப் போனபோது கணவர் அவள் முகத்தைப் பார்த்தே விஷயம் சரியில்லை என்று புரிந்துகொண்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வழக்கமாகச் சொல்வதுபோல ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த எடுக்காத ஆளு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"பஸ் டிரைவர். அவரோட சம்சாரம் நம்மகிட்ட வந்துட்டிருந்தாங்க. போன வருஷம் போயிட்டாங்க."

"வந்துடப் போறாரு" என்றார் கணவர்.

திங்கட்கிழமை புது சிஸ்டம் பழுதில்லாமல் ஓடியது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சீனியர் சிஸ்டர் குறைபட்டாள். டீச்சர், ஃபேனை நிறுத்தச் சொன்னாள். பூட்டக்காவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. வாசலுக்கும் தன் அறைக்கும் நடையாய் நடந்தாள். மதிய ஷிஃப்ட் முடிந்து நோயாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, படியில் காலடி கேட்டது.

டிரைவர் யூனிஃபார்மோடு வந்திருந்தார். நான்கு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. வழக்கமாக உட்காரும் பெஞ்சில், வழக்கமாக உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தார். பூட்டக்கா அவரிடம் போனாள்.

"அண்ணே, அந்த மெசேஜ்..."

"தப்பா வந்திருக்குன்னு தெரியும்மா" என்றார் அவர். "நேத்து முழுக்க வண்டியில இருந்தேன். போன் எடுக்க முடியல. இன்னைக்கு மூணு மணிக்கு டூட்டி முடிஞ்சுது. வீட்டுக்குத்தான் கிளம்பினேன். இந்தப் பக்கம் திரும்பிட்டேன்."

பூட்டக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கால் மணி நேரம் முன்னாடியே வான்னு போட்டிருந்துச்சு" என்றார். "அவளை ஒரு நாள்கூட நான் நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டதில்ல. வண்டி லேட்டாயிடும். படியில ஏறுறப்பவெல்லாம் திட்டிக்கிட்டே ஏறுவா."

"ஆமா" என்றாள் பூட்டக்கா. "கீழேயிருந்தே கேட்கும்."

அவர் சிரித்தார். பிறகு, "உள்ள ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார்.

அழைத்துப்போனாள். அவர் மனைவி படுத்திருந்த நாற்காலியில் தச்சர், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கிளம்புவதற்காக உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் யாரென்று தெரியாமலேயே தலையசைத்தார். டிரைவர் நாற்காலியை, இயந்திரத்தை, ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வரும்போது கேட்டார்:

"எனக்கு அனுப்பினது பரவாயில்லம்மா. நான் எப்படியோ வந்து உட்கார்ந்துட்டுப் போயிடுவேன். என் பொண்ணோட நம்பரும் உங்ககிட்ட குடுத்திருந்தோம். அதுக்கும் போயிருந்தா?"

"போகல அண்ணே. ஒரு நம்பருக்குத்தான் போகும்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பூட்டக்காவிடம் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவரை உட்கார வைத்துவிட்டு அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். போயிருக்கவில்லை. வந்து சொன்னாள். அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்றைக்கே பார்த்துக்கலாமும் அவளும் உட்கார்ந்து, இறந்தவர்களுக்கென்று தனியாக ஓர் இடம் செய்தார்கள். அங்கிருந்து யாருக்கும் எதுவும் போகாது. ஒவ்வொரு பெயரையும் பூட்டக்கா தன் கையால் நகர்த்தினாள். பார்த்துக்கலாம் கிளம்பும் நாளில், தான் அடுத்துப் போகும் இடத்தில் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். மேனேஜர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். திட்டம் போட்டது நான், மூன்றாவது ஷிஃப்டை நான் பார்க்கவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். படித்துவிட்டு அவர் அதை மடித்து டிராயரில் போட்டார். மேலே அனுப்பினாரா என்று தெரியவில்லை. சில மாதம் கழித்து ஊரின் மறுகோடியிலிருக்கும் கிளை நிலையத்துக்கும் அதே மாற்றம் வந்தபோது, அவளைத்தான் அனுப்பினார்.

போக மாட்டேன் என்று வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் குறைந்திருக்கும் என்று நினைத்தாள். குறையவில்லை. ஆனால் போனாள்.

கிளை நிலையத்தின் வரவேற்பு மேசையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். புது சிஸ்டம் பற்றி யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்து, தன் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருந்தாள். பூட்டக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உங்ககிட்ட இறந்துபோனவங்களை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டுப் போனாள். "இங்க யாரையும் வைக்கிறதில்லங்க. அதெல்லாம் ஆஸ்பத்திரியில..."

"கம்ப்யூட்டர்ல கேட்கிறேன்மா."

"ஓ!" என்று மூச்சுவிட்டாள் அந்தப் பெண். பிறகு பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "விலாசத்துல கடைசியில ஒரு கட்டம் காலியா இருக்கும்ல அக்கா. அதுல 'மேலே'ன்னு போட்டுடுவோம். பார்த்ததும் புரிஞ்சுக்குவோம்."

பூட்டக்கா யோசித்தாள். "மாடி வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு என்ன போடுவீங்க?"

"அவங்களுக்கும் 'மேலே'ன்னுதான்..." என்று ஆரம்பித்த அந்தப் பெண், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பூட்டக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.